பணம் எடுக்கப் போனால்தான் ஆதார் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எத்தனை லட்சம் போயிற்று, குடும்பம் என்ன ஆயிற்று என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் எந்த வழியாகப் போகிறது, எப்போதாவது திரும்பி வந்தால் எந்த வழியாக வருகிறது, நடுவில் ஆதாரையும் பான் கார்டையும் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை விவரமாக எழுதக் காணோம். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 33 வருடம் வேலை பார்த்துத் துணை மேலாளராக ஓய்வு பெற்றவள். இந்த வழி எனக்குத் தெரிந்த வழி. என் தங்கை மகன் இதில் மாட்டிக்கொண்டதால், தெரிந்ததை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை மகனுக்கு 29 வயது. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர் வேலை. மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வராமல் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பெரியம்மா, சம்பளம் ஏறிட்டதா மெசேஜ் வந்திருக்கு. ஏடிஎம்ல காசு வரமாட்டேங்குது. ஜிபேயும் ஓடல. நாளைக்கு அவளுக்கு ஸ்கேன்" என்றான். கையில் இருந்ததைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை அவனோடு அவன் கணக்கு இருக்கும் கிளைக்குப் போனேன்.

அங்கிருந்த அலுவலர் கணினியைத் திருப்பிக் காட்டினார். கணக்கில் 19,400 ரூபாய் சம்பளம் இருக்கிறது. பக்கத்திலேயே டெபிட் ஃப்ரீஸ் என்று சிவப்பில் நிற்கிறது. வரவு ஏறும், ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்க முடியாது. காரணம், சில நாட்களுக்கு முன் யூபிஐ மூலம் வந்த 8,200 ரூபாய். வேறொரு மாநிலத்து சைபர் குற்றப் பிரிவில் பதிவான ஒரு மோசடிப் புகாரில், பறிபோன பணம் கைமாறிக் கைமாறி இந்தக் கணக்குக்கு வந்ததாகத் தகவல். "இந்த 8,200 யார் போட்டது தம்பி?" என்று அவர் கேட்டார். இவன் தரையைப் பார்த்தான். மூன்றாம் முறை கேட்ட பிறகு, "கேம்ல ஜெயிச்சது சார்" என்றான்.

அன்று இரவு அவன் போனையும் மூன்று மாத வங்கி அறிக்கையையும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். அவன் ஆடிய ஆன்லைன் சூதாட்டத் தளத்துக்குப் பணம் போட்டது 41 தடவை. மொத்தம் 63,500 ரூபாய். 300, 500 என்று ஆரம்பித்து 3,000 வரை போயிருக்கிறது. நேரத்தைப் பார்த்தேன். 12.47, 1.20, 3.05. முக்கால்வாசி நடுநிசிக்கு மேல்தான். தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளில், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை உண்டு. ஆதார் வழியாக அடையாளத்தைச் சரிபார்த்த பிறகே ஆடவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டும், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் முகவரியே இல்லாத ஒரு தளம் எந்த விதிக்குக் கட்டுப்படும்?

அடுத்துப் பார்த்ததுதான் என்னை உலுக்கியது. 41 தடவை போட்ட பணமும் 33 வெவ்வேறு பெயர்களுக்குப் போயிருக்கிறது. ஒன்றில்கூட அந்தத் தளத்தின் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் பெயர், அடுத்தது ஏதோ டிரேடர்ஸ், அடுத்தது ஒரு மளிகைக் கடை, அடுத்தது முன்னெழுத்துகூட இல்லாத ஒரு பையன் பெயர். "இவங்கள்லாம் யாருப்பா?" என்றேன். "தெரியாது பெரியம்மா. டெபாசிட்டை அமுக்குனா ஒரு யூபிஐ ஐடி வரும். பத்து நிமிஷம் டைமர் ஓடும். அதுக்குள்ள போட்டுட்டு, யூடிஆர் நம்பரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏத்தணும். அடுத்த தடவை வேற ஐடி வரும்" என்றான். யூடிஆர் என்பது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் கிடைக்கும் அடையாள எண்.

வங்கியில் இருந்தவர்களுக்கு இந்த இடம் உடனே புரியும். ஒரு கடையோ நிறுவனமோ முறைப்படி இணையத்தில் பணம் வாங்க வேண்டுமென்றால், வணிகர் கணக்கு வேண்டும். என்ன தொழில் என்பதற்கு ஒரு குறியீட்டு எண் கொடுப்பார்கள். சூதாட்டத்துக்கு உலகம் முழுக்க 7995 என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணோடு வரும் பணத்தை வங்கி அடையாளம் கண்டு நிறுத்திவிட முடியும். வெளிநாட்டில் இருக்கும் தளத்துக்கு நாமே நேராக டாலர் அனுப்பவும் வழியில்லை. சூதாட்டத்துக்காக அந்நியச் செலாவணி அனுப்ப நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே அதில் கிடையாது. நடத்துகிறவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு வசதி செய்து கொடுப்பவருக்கும் அதே தண்டனை. ஆக, அந்தத் தளத்தின் சொந்தப் பெயரில் பணம் வாங்க நேர்வழி ஒன்றுகூட இல்லை. அதனால்தான் யார் யாருடைய கணக்கிலோ வாங்குகிறார்கள். ஒரு கணக்கை வங்கி முடக்கினால் அடுத்த கணக்கு வரும். பத்து நிமிஷ டைமரின் காரணமும் இதுதான். பதினோராம் நிமிஷம் அந்தக் கணக்கு உயிரோடு இருக்கும் என்று அவர்களுக்கே நிச்சயமில்லை.

இந்தக் கணக்குகளை மியூல் கணக்கு என்பார்கள். வாடகைக் கணக்கு என்று சொன்னால் நம் ஊரில் புரியும். சத்தீஸ்கரில் தொடங்கி நாடு முழுக்கப் பேசப்பட்ட மகாதேவ் சூதாட்டச் செயலி வழக்கில், பினாமி வங்கிக் கணக்குகளின் வலை வழியாகத்தான் பணம் ஓடியது என்று அமலாக்கத் துறை சொன்னது. 2023 நவம்பரில் அந்தச் செயலி உட்பட 22 செயலிகளையும் தளங்களையும் மத்திய அரசு முடக்கியது. அதைச் செய்தியில் படித்தபோது எங்கோ வடக்கே நடப்பதாகத்தான் நானும் நினைத்தேன்.

ஆனால் அந்த வலையில் ஒரு கண்ணியை நானே முடிந்து கொடுத்திருக்கிறேன். பணியின் கடைசி வருடத்தில் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி. பாலிடெக்னிக் படிக்கிற மூன்று பையன்கள் ஒன்றாக வந்து சேமிப்புக் கணக்கு தொடங்க விண்ணப்பம் கொடுத்தார்கள். மூன்று பேரிடமும் புது சிம் கார்டு. மூன்று பேரும் வங்கி வாசலை அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பைக்கில் சாய்ந்தபடி ஒருவர், வெயிலிலும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார். ஆதார் அசல், பான் அசல், முகம் எல்லாம் சரியாக இருந்தன. 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தி, கீழே கையெழுத்துப் போட்டேன். பாஸ்புக், ஏடிஎம் கார்டு அடங்கிய உறையை வாங்கிக்கொண்டு வெளியே போனவர்கள், அதை அந்த பைக் ஆளிடம் கொடுத்ததைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். மதியக் கூட்டம். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதில் ஒரு கணக்கின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. 200, 500, 1,000 என்று நாடெங்கிலுமிருந்து பக்கம் பக்கமாக வரவு. சேர்ந்த மறுநிமிஷம் மொத்தமாக வெளியே போயிருந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "அஞ்சாயிரம் குடுத்தாங்க மேடம். கேமுக்குத்தான்னு சொன்னாங்க" என்று அழுதான். அவன் மீது வழக்கு வந்தது. பைக்கில் நின்றவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அன்று எழுந்து வாசல்வரை போயிருந்தால் அந்தப் பையன் தப்பித்திருப்பான். இன்றுவரை அது என் நெஞ்சில் கிடக்கிறது.

இனி, கேஒய்சிக்கு, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு வருகிறேன். என் தங்கை மகன் அந்தத் தளத்தில் சேர்ந்தபோது கேட்டது ஒரு செல்போன் எண், ஒரு ஓடிபி. அவ்வளவுதான். வயது கேட்கவில்லை. ஆதார் கேட்கவில்லை. 63,500 ரூபாய் போடுகிறவரை அவன் யார் என்று அவர்களுக்குக் கவலையே இல்லை. ஓர் இரவு அவன் கணக்கில் 42,000 ரூபாய் இருப்பதாகத் திரையில் காட்டியது. மறுநாள் எடுக்கப் போனான். அப்போதுதான் 'கணக்குச் சரிபார்ப்பு' தொடங்கியது.

என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள். அங்கே சூதாட்டம் சட்டப்படி உரிமம் பெற்று நடக்கிறது. அங்கே எப்படி என்று அவளிடம் விசாரித்தேன். 2019 மே 7 முதல், பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்த பிறகே ஒருவரை ஆட விட வேண்டும் என்று அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் விதித்திருக்கிறது. முன்பே கேட்டிருக்கக்கூடிய ஓர் ஆவணத்தை, பணம் எடுக்க வரும்போது புதிதாகக் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்பதும் அங்கே விதி. 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் பணம் போட்டு ஆடவும் தடை. நான் அந்த ஊர்ச் சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அங்கேயும் குடும்பங்கள் சீரழிகின்றன. ஆனால் சரிபார்ப்பு எப்போது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். வயதுக்கு வராத பிள்ளை உள்ளே வராமல் தடுப்பதும், திருட்டுப் பணம் உள்ளே வராமல் தடுப்பதும்தான் கேஒய்சியின் வேலை. அது வாசலில் நடக்க வேண்டிய வேலை. பணத்தையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆள் வெளியே போகும்போது மட்டும் மறித்து நின்றுகொண்டு அடையாள அட்டை கேட்பதற்கு வேறு நோக்கம் இருக்கிறது.

அந்த நோக்கம் என்ன என்பதை தளத்தின் ஆளோடு அவன் வாட்ஸ்அப்பில் நடத்திய உரையாடலைப் படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம். அடுத்து பான். அடுத்து, ஒரு கையில் ஆதாரையும் மறு கையில் தேதியும் தளத்தின் பெயரும் எழுதிய தாளையும் பிடித்தபடி ஒரு செல்ஃபி. அந்தப் படத்தை நான் பார்த்தேன். இரவு நேரம். பின்னால் கொசுவலை. அதற்குள் அவன் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறாள். அனுப்பியதைத் தெளிவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவதை, விரல் தாளில் உள்ள எழுத்தை மறைக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாவதற்கு, வங்கியில் பதிவான கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான்காவதாக மூன்று மாத வங்கி அறிக்கை. இப்படியே ஆறு நாள். அந்த ஆறு நாளும், "சரிபார்ப்பு முடியும்வரை உங்கள் இருப்புத் தொகையில் தொடர்ந்து விளையாடலாம்" என்ற செய்தி தினமும் வந்திருக்கிறது. எடுக்கக் கேட்ட பணத்தை ரத்து செய்து மறுபடி ஆட்டத்தில் போட ஒரு பொத்தானும் பக்கத்திலேயே பளிச்சென்று இருந்திருக்கிறது. இழுத்தடித்தால் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்வார்கள். இவன் செய்யவில்லை. பிரசவச் செலவுக்கு என்று அந்த 42,000 ரூபாயை மனதில் எடுத்து வைத்துவிட்டான்.

ஏழாம் நாள் புதுக் கதை. "கேஒய்சி முடிந்தது, வாழ்த்துகள். இந்திய அரசுச் சட்டப்படி வெற்றித் தொகைக்கு 30 சதவீதம் வரி. 12,600 ரூபாய் கட்டினால் ஒரு மணி நேரத்தில் முழுத் தொகையும் வந்துவிடும்." இவன் சக தொழிலாளியிடம் கடன் வாங்கிக் கட்டினான். கட்டிய இடம் மறுபடி யாரோ ஒருவரின் யூபிஐ.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இந்த இடத்தில் நின்று படியுங்கள். 30 சதவீத வரி என்பது பொய்யில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ஆன்லைன் விளையாட்டு வெற்றிக்கு 30 சதவீதம் பிடித்தம் செய்ய வருமான வரிச் சட்டத்தில் 194பிஏ என்ற பிரிவு வந்தது. உண்மையின் ஒரு துண்டைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். ஆனால் பிடித்தம் என்றால் என்ன? கொடுக்கிற பணத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. நம் சம்பளத்துக்கு வரி பிடிக்கும் முதலாளி, "நீ முதலில் வரியைக் கொண்டுவா, பிறகு சம்பளம் தருகிறேன்" என்று சொல்வாரா? இன்னொன்று. வரி நிகர வெற்றிக்குத்தான். எடுக்கும் தொகையிலிருந்து, நம் கையிலிருந்து போட்ட தொகையைக் கழித்து மிஞ்சுவதுதான் நிகர வெற்றி. 10,000 போட்டு 16,000 எடுத்தால் வெற்றி 6,000. வரி 1,800. கைக்கு 14,200 வரும். என் தங்கை மகன் போட்டது 63,500. எடுக்கக் கேட்டது 42,000. அவனுக்கு நிகர வெற்றியே கிடையாது, ஒரு ரூபாய்கூட வரி கிடையாது. மேசையில் ஒரு தாளில் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டியபோது அவன் அந்தத் தாளையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வருமான வரித் துறைத் தளத்தில் அவன் பான் எண்ணைக் கொண்டு 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தேன். யார் நம் பெயரில் வரி பிடித்துக் கட்டினாலும் அதில் வந்துவிடும். மூன்று மாதம் பொறுத்து மறுபடியும் பார்த்தேன். அந்த 12,600 அதில் இல்லை.

வரிக்குப் பிறகு 'வங்கிக் கணக்கு உறுதிப்படுத்தும் வைப்பு' என்று 5,000. அதையும் கட்டினான். அப்போதுதான் அந்த 8,200 ரூபாய் வந்தது, முதல் தவணை என்ற பெயரில். அது வந்ததும் இவனுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. மீதி 33,800 வர இன்னும் 10,000 கட்டச் சொன்னார்கள். தங்கச் சங்கிலியை அடகு வைக்க மனைவியிடம் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கணக்கு முடங்கியது.

அந்த 8,200 எங்கிருந்து வந்தது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்குவதற்கு அடுத்தவர் கணக்கைப் பயன்படுத்துகிறவர்கள், கொடுப்பதற்கும் அடுத்தவர் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதே வாடகைக் கணக்குகளில் சூதாட்டப் பணம் மட்டும் ஓடுவதில்லை. போலி வேலைவாய்ப்பு, போலிப் பங்கு முதலீடு, போலீஸ் என்று மிரட்டிப் பறித்தது எல்லாம் சேர்ந்து ஓடுகிறது. வேறொரு மாநிலத்தில் யாரோ ஒருவர் ஏமாந்து இழந்த பணத்தில் 8,200 ரூபாய், இவன் 'வெற்றி' என்று இவன் கணக்கில் வந்து விழுந்தது. அந்த மனிதர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தார். பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காக முடக்கியபடி வந்தார்கள். புகார் கொடுத்தவர் செய்தது முழுக்கச் சரி. அவர் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் வங்கியின் கண்ணுக்கு இவனும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். தோற்றால் பணம் போகிறது. ஜெயித்து ஒழுங்காகக் கைக்கு வந்தால் கணக்கு முடங்குகிறது.

முடக்குவதிலும் ஒரு முறை வேண்டும். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும், காரணம் சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கி ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இதை எழுத்தில் குறிப்பிட்டு, வங்கி மேலாளருக்கும் அந்த மாநிலத்துப் புலனாய்வு அதிகாரிக்கும் மனு எழுதிக் கொடுத்தேன். சம்பள வரவைக் காட்டும் ஆலையின் சான்று, 8,200 எப்படி வந்தது என்ற விளக்கம், போன் ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாம் வைத்து மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பினேன். ஐந்து வாரம் ஆயிற்று. 8,200 தவிர மற்றதை விடுவித்தார்கள். இடையில் பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொண்டேன்.

பணத்தைவிட எனக்குப் பெரிய பயம், அவன் அனுப்பிய ஆதாரும் பானும் முகமும்தான். ஒரு வங்கிக் கணக்கு தொடங்கவோ, செயலியில் கடன் வாங்கவோ வேண்டிய அத்தனையையும் அவனே ஒரே உறையில் போட்டுக் கொடுத்ததுபோல் கொடுத்திருக்கிறான். அடுத்த ஏமாளியின் திரையில் பத்து நிமிஷ டைமரோடு வருவது இவன் பெயராகவே இருக்கலாம். அதனால் அன்றே அவன் ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டினோம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம். அவனுக்குத் தெரியாத ஓர் எண் இருந்தது. அது தன்னுடையதல்ல என்று அங்கேயே பதிந்தோம். கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்ததில், அவன் கேள்விப்பட்டிராத ஒரு கடன் நிறுவனம் அவன் பெயரில் விசாரித்திருந்தது தெரிந்தது. கடன் கொடுக்கும் முன்பே தடுத்துவிட்டோம். யாருக்காவது ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் இருக்கிறது. ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். இவ்வளவு வருடம் ஆகியும் நம் ஜனங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

புகார் கொடுக்க அவன் மூன்று வாரம் வரவில்லை. "என்னையே புடிச்சு உள்ள போட்ருவாங்க பெரியம்மா" என்பதுதான் பதில். அதை வெறும் பயம் என்று தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. மத்திய அரசின் 2025 சட்டம் ஆடியவரைத் தண்டிக்கவில்லை. ஆடியவர் பாதிக்கப்பட்டவர் என்றுதான் அரசு சொல்லியிருக்கிறது. ஆனால் நம் மாநிலத்தின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில், ஆடியவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வாங்கிய சட்டம் அது. எவ்வளவு உயிர்கள் போன பிறகு வந்த சட்டம் என்பதும் எனக்குத் தெரியும். அதன் நோக்கத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த ஒரு பிரிவைக் காட்டித்தான் அந்த வாட்ஸ்அப் ஆள் இவனை மிரட்டியிருக்கிறான். "போலீசுக்குப் போனால் முதலில் நீதான் ஜெயிலுக்குப் போவாய், உன் ஆதார் எங்களிடம் இருக்கிறது" என்ற செய்தியை நான் என் கண்ணால் படித்தேன்.

எனவே உங்கள் நாளிதழ் வழியாக மாநில அரசை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிப்பட்ட தளங்களில் பணத்தையும் ஆவணத்தையும் இழந்து, தானாக முன்வந்து 1930க்கோ சைபர் குற்றப் பிரிவுக்கோ புகார் கொடுப்பவர்மீது, ஆடிய குற்றத்துக்காக வழக்குப் போட மாட்டோம் என்று எழுத்தில் ஓர் அரசாணை வெளியிடுங்கள். ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் அதைத் தமிழில் ஒட்டுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் புகார் வந்தால்தான் அடுத்த கணக்குக்குப் போகும் முன் அதை மறிக்க முடியும். மூன்று வாரம் பயந்து கிடந்தால் மறிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வங்கிக் கிளைகளில் இன்னும் வேலையில் இருக்கும் என் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. வாடகைக் கணக்கைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹண்டர் என்ற கணினி முறையைக் கொண்டுவந்திருக்கிறது. நல்லது, வரட்டும். ஆனால் மூன்று பையன்கள் புது சிம்மோடு ஒன்றாக வந்து வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் தெரியாது. கூட்டம் இருந்தாலும் பரவாயில்லை, எழுந்து போய் வெளியே நிற்பது யாரென்று பாருங்கள். அந்தப் பையனைத் தனியாக உட்கார வைத்து, "இந்தக் கணக்கு உனக்கா, வேறு யாருக்காவதா?" என்று கேளுங்கள்.

தங்கை மகன் கடைசியில் புகார் கொடுத்துவிட்டான். நான் கூடவே போனேன். 41 யூடிஆர் எண்களையும் ஒவ்வொன்றாக அவன் வாசிக்க வாசிக்க நான் தாளில் எழுதினேன். ஒவ்வொன்றும் 12 இலக்கம். எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கேட்டு வாங்கிய அந்தப் பெண் உதவி ஆய்வாளர் அவனை ஒரு கடிந்த சொல்லும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். அந்தத் தாளின் நகலையும், 'வரி' கட்டச் சொல்லி வந்த செய்தியின் படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர்களையும் எண்களையும் மறைத்து அச்சிட முடிந்தால் அச்சிடுங்கள். அதே வார்த்தைகளில் அதே செய்தி இந்நேரம் வேறொரு வீட்டுப் பிள்ளையின் போனுக்கு வந்துகொண்டிருக்கும்.

பையனின் குடும்பத்தை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கித் துணை மேலாளர்,
இராஜபாளையம்.